தாயின் மார்பே தொட்டில்! கங்காருவிடம் டாக்டர்கள் கற்ற வித்தை

கங்காருவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் ஒரு பை. அந்தப் பைக்குள் இருந்து குட்டி எட்டிப் பார்க்கும்.

அந்தக் குட்டி பிறக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் தெரியுமா?

ஓர் அவரை விதை அளவுதான்! எடை ஒரு கிராம் கூட இராது. கண் திறந்திராது. உடம்பில் ரோமம் இராது. தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல ஊர்ந்து, பைக்குள் போய்ச் சேரும். உள்ளே பால் உண்டு. கதகதப்பு உண்டு. சில மாதங்கள் அங்கேயே இருந்து வளர்ந்த பிறகுதான் வெளியே தலை காட்டும்.

மனிதக் குழந்தைக்கு அப்படி ஒரு பை கிடையாது. மாதம் நிறையாமல் பிறந்துவிட்டால், அதன் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு பெட்டியில் மூன்று குழந்தைகள்

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் போகோட்டா. மலைமேல் உள்ள ஊர். ஊட்டியை விட உயரம். எப்போதும் குளிர்.

அங்கே ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. கூட்டமோ கூட்டம். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்துக் காப்பாற்ற "இன்குபேட்டர்" என்ற கண்ணாடிப் பெட்டி வேண்டும். பெட்டிகள் கொஞ்சம். குழந்தைகள் அதிகம். ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள்.

ஒரு குழந்தைக்கு நோய் கண்டால் பக்கத்துக் குழந்தைக்கும் தொற்றியது. பல குழந்தைகள் இறந்தன.

தாய்மாரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். பெற்ற பிள்ளையைத் தொடக்கூட முடியாமல் வீட்டுக்குப் போன சில பெண்கள், திரும்பி வரவே இல்லை. அவர்களைக் கல் நெஞ்சக்காரிகள் என்று சொல்லிவிடலாமா? தொட்டுத் தூக்கினால் அல்லவா பாசம் ஒட்டும்!

இந்த நிலையில், 1978-ம் ஆண்டில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். பெட்டியில் இருந்த குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் வைத்துக் கட்டினார்! அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்துகொண்டார்.

தாயின் உடம்புச் சூடுதான் பெட்டி. தாயின் பால்தான் மருந்து. குழந்தை சற்றுத் தேறியதும் அப்படியே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு. இதற்குக் "கங்காரு முறை" என்று பெயர் வந்தது.

வெளிநாட்டார் போட்ட சண்டை

செய்தி உலகம் முழுவதும் பரவியது. "அதிசயம்!" என்றார்கள் சிலர். "நம்ப முடியாது" என்றார்கள் சிலர்.

நம்பாதவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1985-ல் பிரிட்டனைச் சேர்ந்த இருவர் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு குறையை எடுத்துக் காட்டினார்கள். பிறந்தவுடன் இறந்த குழந்தைகள் கணக்கில் வரவில்லை. ஆரம்ப நாட்களைத் தாண்டிப் பிழைத்த குழந்தைகளை மட்டும் எண்ணிவிட்டு, "பாருங்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள்" என்றால் எப்படி? இதுதான் அவர்கள் கேள்வி.

கேள்வி கேட்டவர்கள் அத்துடன் விடவில்லை. லண்டனில் அவர்களே பரீட்சை செய்து பார்த்தார்கள். மார்போடு அணைத்த தாய்மார் மற்றவர்களை விட அதிக நாள் தாய்ப்பால் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் குறைவாக அழுதன!

கண்ணாடிப் பெட்டி மட்டும் எங்கிருந்து வந்தது? பாரிஸ் நகரில் டார்னியே என்று ஒரு பிரசவ டாக்டர் இருந்தார். அங்குள்ள மிருகக்காட்சி சாலையில் கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதுபோலக் குழந்தைக்கும் ஒன்று செய்யச் சொன்னார். இது 1880-ம் ஆண்டு வாக்கில் நடந்தது. ஆக, பெட்டி கோழியிடம் கற்றது. கட்டு கங்காருவிடம் கற்றது!

எப்படிக் கட்டுவது?

தாயின் வயிற்றில் குழந்தை 40 வாரம் இருக்க வேண்டும். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. அதன் தோலுக்கு அடியில் கொழுப்பு போதாது. ஆகவே உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். சில சமயம் மூச்சு விடவே மறந்துவிடும். சப்பிக் குடிக்கவும் தெரியாது.

அதன் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். இடுப்பில் ஒரு துணி, தலையில் குல்லாய், காலில் உறை. இவ்வளவு போதும். தாயின் இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தோலோடு தோல் படும்படி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கமாகத் திரும்பி இருக்கட்டும். கழுத்து முன்னால் மடங்கக் கூடாது. மடங்கினால் மூச்சு அடைக்கும். கால்கள் தவளைக் கால் போல மடிந்து விரிந்திருக்க வேண்டும். பிறகு துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்க வேண்டும். வயிற்றை இறுக்கக் கூடாது. மேலே தாயின் ரவிக்கையோ சட்டையோ மூடிக்கொள்ளும்.

இரவிலும் கழற்ற வேண்டாம். முதுகுக்குத் தலையணை வைத்து, சாய்ந்தபடி தூங்கலாம்.

இதிலே ஒரு விந்தை. குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்பு தானாகவே சற்றுச் சூடாகிறது. குழந்தைக்குச் சூடு ஏறினால் மார்பின் சூடு தணிகிறது!

தாய் மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குகிறது. அந்த அசைவில் குழந்தை மூச்சை மறப்பதும் குறைகிறது.

சப்பத் தெரியாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்து, குழாய் வழியாகவோ, சிறு கிண்ணத்தாலோ, பாலாடையாலோ கொடுப்பார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். இன்று ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒரு கருவி. கொதிக்க வைத்துச் சுத்தம் செய்துதான் உபயோகிக்க வேண்டும்.

தாய்க்கு ஜுரமா? ஆபரேஷன் செய்த வலியா? அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். பாட்டியும் கட்டிக்கொள்ளலாம். மீசை வைத்த கங்காருவைக் குழந்தை வேண்டாம் என்று சொல்வதில்லை.

டெல்லியில் நடந்த பரீட்சை

முன்பெல்லாம் குழந்தை தேறிய பிறகுதான் மார்பில் கட்டுவார்கள். அதற்குச் சில நாட்கள் ஆகும். ஆனால் சாவு அதிகமாக வருவதே அந்த முதல் சில நாட்களில்தான்!

"பிறந்தவுடனே கட்டினால் என்ன?" என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய 5 நாடுகளில் பரீட்சை நடந்தது. இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோவுக்கும் 1 கிலோ 800 கிராமுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பிரிவுக் குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயிடம் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சை அறையிலேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். நாளுக்குச் சுமார் 17 மணி நேரம் குழந்தை மார்பில் இருந்தது. மறு பிரிவுக் குழந்தைகளுக்குத் தேறும் வரை வழக்கமான சிகிச்சை.

முதல் 28 நாட்களில், வழக்கமான பிரிவில் 100-க்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தன. உடனே கட்டிய பிரிவில் 100-க்கு 12.

இதைப் பார்த்த பிறகு பரீட்சையைத் தொடர மனம் வருமா? பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது, ஒரு பிரிவுத் தாய்மாரிடம் மட்டும் "பொறு" என்று சொல்வது நியாயம் இல்லை அல்லவா?

முடிவு 2021-ல் வெளியாயிற்று. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் புதிய யோசனை சொன்னது: குறைமாதக் குழந்தையையும், எடை குறைந்த குழந்தையையும் பிறந்தவுடனே மார்பில் சேர்க்க வேண்டும், நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை வைக்கலாம்.

இதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சொந்தமாக மூச்சு விட முடியாத குழந்தைக்கு இயந்திரமும் டாக்டரும் வேண்டும். வீட்டில் பிறந்த சிறு குழந்தையானால் மார்போடு அணைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டியிருக்கும் குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடம்பு நீலம் பாரித்தாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எத்தனை நாள் கட்டுவது?

அதைக் குழந்தையே சொல்லிவிடும்! எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போதோ, பிறக்க வேண்டிய நாள் வரும்போதோ, உள்ளே இருக்கப் பிடிக்காமல் நெளியும். கட்டுக்குள் இருந்து கையை வெளியே நீட்டும். காலால் உதைக்கும். மறுபடி கட்டினால் வீல் என்று கத்தும். அன்றைக்குத் துணியை அவிழ்த்துத் தொட்டிலில் போடலாம்.