கார் இல்லாத குடும்பத்துக்குக் கடற்கரை விடுமுறை: அறையை எங்கே எடுப்பது?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே வீடுகளில் ஒரு பேச்சு எழும். "எல்லாரும் எங்கெங்கோ போறாங்க, நம்ம பிள்ளைங்க மட்டும் தெருவுக்குள்ளேயே கிடக்குது." கார் வைத்திருப்பவர்கள் ஒரு சாயங்காலத்தில் முடிவெடுத்துப் புறப்பட்டு விடுவார்கள். ரயிலையும் பேருந்தையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் என்ன செய்கின்றன? நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறார்கள். நள்ளிரவில் புறப்பட்டு, உச்சி வெயிலில் கடலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மறுநாள் விடியும் முன் வீடு திரும்புகிறார்கள். முட்டி வலியுள்ள உம்மாவையும் கைக்குழந்தைக்காரியையும் "உங்களால முடியாது" என்று வீட்டிலேயே விட்டுவிடுவதும் இதில் வழக்கம்.

இதற்கு வேறு வழி இருக்கிறது. ரயிலில் போய் இரண்டு இரவு தங்கி வருவதற்கு ஆகும் செலவு, பலர் நினைப்பதைப்போல வேன் வாடகையைவிட எட்டாத உயரத்தில் இல்லை. ஆனால் அந்தப் பயணம் உருப்படுவதும் பாழாவதும் ஒரே ஒரு முடிவில் இருக்கிறது. அறையை எங்கே எடுக்கிறோம் என்பதுதான் அது.

அறை தேடும்போது நம்மவர்கள் முதலில் பார்ப்பது வாடகையை. அடுத்து, ஜன்னலில் கடல் தெரிகிறதா என்று படத்தைப் பார்ப்பார்கள். கார் உள்ளவருக்கு இவை போதும். கார் இல்லாதவர் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை. இறங்கும் இடத்திலிருந்து பெட்டி படுக்கையோடு அறைக்கு எவ்வளவு தூரம், அறையிலிருந்து மணலுக்கு எவ்வளவு, அறையிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு எவ்வளவு? ஊருக்கு வெளியே ஓர் அறை 300 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போய்வர இரண்டு சவாரி, சாப்பிடப் போய்வர இரண்டு சவாரி. சவாரி 100 ரூபாய் என்றால்கூட நாளொன்றுக்கு 400 ஆகிவிடுகிறது. பணம் போவதைவிட மோசமானது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஆட்டோ பேச வேண்டும் என்பதால் குடும்பத்தில் யாரும் தனியாக நாலு எட்டு வெளியே போக முடியாது. ஒருவருக்குக் களைப்பு என்றால் எல்லோரும் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வரிசையாக இருக்கும் விடுதிகள் இந்த விஷயத்தில் ஏமாற்றக்கூடியவை. படத்தில் மணலும் தென்னையும் அழகாக இருக்கும். போய் இறங்கினால் சுற்றிலும் ஒரு டீக்கடைகூட இருக்காது. விடுதிக்குள் என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை, அங்கே சமைப்பதுதான் சாப்பாடு. இறைச்சி எங்கே வாங்கினார்கள், யார் அறுத்தது என்று கேட்கவும் வழியிருக்காது. அங்கே போய்ச் சேரும் பல குடும்பங்கள் மூன்று வேளையும் முட்டையும் சாம்பாருமாக நாளைக் கழிக்கின்றன.

ஒவ்வோர் ஊருக்கும் இந்தத் தூரக் கணக்கு வேறு வேறு. மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை. அருகிலுள்ள பெரிய நிலையம் செங்கல்பட்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பேருந்தில் போவது நேர்வழி. ஆனால் புதுச்சேரிக்குச் செல்லும் பல பேருந்துகள் ஊருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடும். மாமல்லபுரம் வரை மட்டும் ஓடும் பேருந்தில் ஏறினால் ஊர் பேருந்து நிலையத்திலேயே இறங்கலாம். கடற்கரையும் கடைகளும் நடை தூரம். அறையை அந்த நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் எடுத்தால் இரண்டு நாளும் வண்டியே தேவைப்படாது.

கன்னியாகுமரி, கார் இல்லாதவருக்கென்றே அமைந்த ஊர் என்று சொல்லலாம். ரயில் பாதை அங்கேதான் முடிகிறது. நிலையத்திலிருந்து கடல் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். பேருந்து நிலையமும் ஊரை ஒட்டியே இருக்கிறது. படகுத்துறை, உணவகங்கள், சூரியோதயம் பார்க்கும் இடம் எல்லாம் காலால் எட்டும். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலமும் இப்போது சேர்ந்திருக்கிறது. வாடகை குறைவு என்று 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் தங்குபவர்கள் உண்டு. பேருந்துகள் அடிக்கடி ஓடுவதால் அதைத் தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் விடியற்காலைக் கடல் போய்விடும். கன்னியாகுமரிக் கரை பாறை நிறைந்தது, அலை முரடு. பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும் என்றால் சொத்தவிளை போன்ற கரைக்கு ஒரு பகல் ஒதுக்க வேண்டும். இங்கே ஒரு வசதியையும் நினைவில் வைக்கலாம்: 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெண்கள் அதிகமுள்ள குடும்பத்துக்கு இது சிறிய சேமிப்பு அல்ல.

இராமேஸ்வரம் பற்றி இணையத்தில் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எழுதியவர்கள் எல்லாம் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது ரயில் தீவுக்குள்ளேயே வருகிறது. பேருந்து நிலையம் கோவில் பகுதியிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், 'பேருந்து நிலையம் அருகில்' என்ற விளம்பரத்தைப் பார்த்து இங்கே அறை எடுக்க வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவே எடுப்பது நல்லது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் வீடு இருக்கும் பள்ளிவாசல் தெருவும் இந்தப் பக்கம்தான்.

ஆனால் இராமேஸ்வரத்தில் இன்னொன்றும் உண்டு. ஊருக்குள் இருக்கும் கடல் யாத்ரீகர்கள் நீராடும் துறை. நாம் மனதில் நினைத்துப் போகும் வெள்ளை மணல் அங்கே இல்லை. அது 1964 புயல் அழித்த தனுஷ்கோடிப் பக்கம், அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பேருந்து போகிறது. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும், ஆகவே கடைசிப் பேருந்து எப்போது என்பதைப் போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது. பார்க்கலாம், குளிக்க இறங்கக் கூடாது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. முன்பு மயிலாடுதுறையிலிருந்து ரயில் வந்தது, 1986-இல் நின்றுபோனது. இன்று பேருந்துதான். நெடுஞ்சாலையில் இறங்கி, கோட்டை வாசல் வழியாக ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நடந்தால் கடல். அறைகள் மிகக் குறைவு, இருப்பவற்றிலும் சில நம் கைக்கு எட்டாத வாடகை. காரைக்காலில் அல்லது நாகூரில் தங்கி ஒரு பகல் போய்வருவதே நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருந்தும். நாகூரில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே விடுதிகளும் ஹலால் உணவகங்களும் இருக்கின்றன.

தூரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குச் செலவு மட்டும் காரணமல்ல. நம் குடும்பத்துப் பெண்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்குவார்கள். பெண்கள் செருப்புகளையும் பைகளையும் காவல் காத்தபடி மணலில் உட்கார்ந்திருப்பார்கள். நனைந்த புர்காவோடு அத்தனை பேர் நடுவே எழுந்து நடக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? கடலுக்குப் போய்விட்டுக் கால் நனையாமல் திரும்பிய பெண்கள் நம்மில் ஏராளம். அறை நடை தூரத்தில் இருந்தால் இது மாறும். சுப்ஹு தொழுகை முடிந்த கையோடு எல்லோரும் இறங்கிப் போகலாம். அந்த நேரத்தில் கரையில் மீனவர்களும் நாலைந்து நடைப்பயிற்சிக்காரர்களும்தான் இருப்பார்கள். நனைந்தால் ஐந்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிடலாம். முட்டி வலியுள்ள உம்மாவும் மெல்ல நடந்து வந்து அலையில் கால் வைப்பார். ஆட்டோ பிடித்து அந்த நேரத்துக்கு வருவது நடக்காத காரியம்.

அறைக்குப் பணம் கட்டுமுன் தொலைபேசியில் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. முதல் கேள்வி, நாள் கணக்கு எப்படி? சென்னையிலிருந்து இராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் மாலையில் புறப்படும் ரயில்கள் அதிகாலையில் போய்ச் சேருகின்றன. பகல் 12 மணிக்குத்தான் அறை தருவோம் என்னும் விடுதியில் பதிவு செய்தால், தூங்கி வழியும் பிள்ளைகளோடு ஏழு மணி நேரம் வரவேற்பறையில் கிடக்க வேண்டும். யாத்திரை ஊர்களில் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் விடுதிகள் நிறைய உண்டு. அவற்றைக் கேட்டுப் பிடியுங்கள். அதுவும் அமையாவிட்டால் ரயில் நிலைய ஓய்வறையை, உறுதியான பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். இரண்டாவது கேள்வி, எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா? மேற்கத்திய கழிப்பறையா என்பதும் முதியவர் உடன் வந்தால் முக்கியம். பெரியவர்கள் அனைவரின் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

எப்போது போகிறோம் என்பதும் அறையைத் தீர்மானிக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சென்று திரும்புவோரால் கன்னியாகுமரி நிரம்பும். ஆடி, தை அமாவாசைகளில் இராமேஸ்வரத்தில் இடமிருக்காது. கந்தூரி நாட்களில் நாகூரும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியும் அப்படியே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் மழையும் புயலும். மிஞ்சுவது ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையும், கோடை விடுமுறையும். கோடையில் ஒரு சங்கடம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் சாப்பிடவென்றே கடற்கரைக்குப் போகிறவர்கள் அப்போது விலையைக் கேட்டுத் திகைக்க வேண்டிவரும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே நாளைக் குறித்து வையுங்கள்.

தொழுகை விஷயத்தில், இரண்டு மூன்று நாள் தங்கும் பயணிக்குக் கஸ்ர் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களும், ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களும் தங்க நாடினால்தான் அச்சலுகை முடிகிறது. ஜம்உ செய்வது ஷாஃபிஈக்களுக்கு ஆகும். ஹனஃபிக்கள் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் தொழுவதால், அறைக்கு அருகில் பள்ளிவாசல் இருப்பது அவர்களுக்குக் கூடுதல் வசதி. கிப்லா குழப்பம் கிழக்குக் கரையில் வராது. கடலுக்கு முதுகைக் காட்டிச் சற்று வலப்பக்கம் திரும்பினால் போதும்.

கடைசி நாளைப் பலர் திட்டமிடுவதில்லை. காலையில் அறையைக் காலி செய்துவிட்டு மாலை ரயிலுக்காகப் பெட்டிகளோடு அலைவார்கள். பெரிய ரயில் நிலையங்களில் பயணச்சீட்டைக் காட்டிப் பொருட்களை வைத்துவிட்டுப் போகும் அறை உண்டு; பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் எடுத்துக்கொள்வார்கள், எனவே இரண்டு சிறிய பூட்டுகளை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஒரு பழைய லுங்கியும் நாலு பிளாஸ்டிக் பைகளும் சேர்த்து எடுத்துக்கொண்டால், ஈரத் துணிகள் ஊர்வரை மணலோடு தனியாக வந்து சேரும்.