மூச்சு வாங்கும் மோட்டார்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழியை நான்காம் ஆண்டில் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலகையில் எழுதி, பத்து முறை எழுதி வரச் சொன்னார். கோடு போட்டு அழகாக எழுதிக் கொடுத்தேன். 'மிக நன்று' என்று சிவப்பு மையில் கையொப்பமும் கிடைத்தது. அந்தப் பழமொழி என்னைப் பற்றியது என்பது பல ஆண்டுகள் கழித்து, இயந்திரப் பொறியியல் மாணவனாகப் பருவ விடுமுறைக்கு வீடு போனபோதுதான் விளங்கியது.

எங்கள் வீடு ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறது. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரித்துக்கொண்டு ஓடும் பெர்னாம் ஆறு எங்கள் கம்பத்துக்குப் பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்றும், அதன் பின்புறம் மாட்டும் 15 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் வாங்கினார். அன்றிலிருந்து ஊடாங் காலா பிடித்து விற்பதுதான் அவருடைய வருமானம். என் விடுதிச் செலவும் அதில்தான் வருகிறது.

இந்த முறை நான் போனபோது படகு கரையில் கட்டிக் கிடந்தது. "மோட்டு மூச்சு வாங்குது தம்பி" என்றார் அப்பா. ஒரே இழுப்பில் கிளம்புகிறதாம். மெதுவாக ஓட்டினால் எந்தக் குறையும் இல்லையாம். முழுதாக முறுக்கினால் மட்டும் ஒரு நிமிடம் நன்றாகப் பாய்ந்துவிட்டு, பின்னாலிருந்து யாரோ கயிறு போட்டு இழுப்பதுபோல் தளர்ந்துவிடுகிறதாம். ஒரு நாள் மாலை நீர் வற்றும் நேரத்தில் ஆற்றுமுகத்தில் இப்படி ஆகி, இழுப்பை எதிர்த்து ஏற முடியாமல் நீப்பா மட்டைகளைப் பிடித்துக்கொண்டு இரவு ஒன்பது மணிவரை இருந்திருக்கிறார். இதை அப்பா சொல்லவில்லை, அம்மா சொன்னார்.

மோட்டாரைப் பட்டறைக்கும் எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, மேல் பாகத்தையே மாற்ற வேண்டும், 2,800 வெள்ளி ஆகும் என்றாராம். வீட்டில் அம்மாவின் சங்கிலியைப் பற்றிய பேச்சு தொடங்கியிருந்தது. "நீ இதத்தானே படிக்கிற, பாரேன்" என்றார் அம்மா.

இரு வீச்சு இயந்திரத்தின் அழுத்தத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள தொடர்பை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைபடமாக வரைய முடியும். ஆனால் அதுவரை ஒரு கார்புரேட்டரைக் கூடக் கழற்றியதில்லை.

சக்தி குறைவது நோய் அன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. எண்ணெய் போதாமல் இருக்கலாம், தீப்பொறி சரியில்லாமல் இருக்கலாம், உள்ளழுத்தம் போயிருக்கலாம், சூடு ஏறியிருக்கலாம், காத்தாடியில் கோளாறு இருக்கலாம். எதையும் கழற்றுவதற்கு முன் காசு செலவில்லாத கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட வேண்டும். பட்டறையில் விட்டுப்போனது அதுதான்.

முதல் கேள்வியைக் காதால் கேட்க வேண்டும். படகு தளரும்போது மோட்டாரின் சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா? சத்தம் ஏறி, படகு மட்டும் நகர மறுத்தால் குற்றம் காத்தாடியில். காத்தாடியின் நடுவே ஒரு ரப்பர் உருளை இருக்கும். கட்டையிலோ கல்லிலோ மோதினால் பல்சக்கரம் உடையாமல் அந்த ரப்பர் வழுக்கிக் கொடுக்கும். சில சமயம் வழுக்கியது வழுக்கியபடியே நின்றுவிடும். பிறகு தண்டு சுற்றும், இறக்கை பின்தங்கும். இதைக் கண்டுபிடிக்க உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே சாயத்தால் ஒரு கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் அதுதான் கள்ளன். எங்கள் மோட்டாரில் படகோடு சேர்ந்து சத்தமும் இறங்கியது. ஆகவே காத்தாடி குற்றமற்றது.

அடுத்தது சூடு. மோட்டார் ஓடும்போது பின்பக்கம் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சும். ஆற்று நீரை இழுத்து இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு எங்கள் ஆற்றில் எல்லா மொழியிலும் வழங்கும் பெயரை ஆண்டிதழில் எழுத முடியாது. பெர்னாம் ஆறு சேற்று நீர் என்பதால் அந்தப் பம்பின் ரப்பர் இறக்கைகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். எங்களுடையது நேராகவும் பலமாகவும் பீச்சியது. வீட்டில் சோதிப்பவர்களுக்கு ஒன்று: மோட்டாரின் கால் தண்ணீர் நிறைந்த பீப்பாய்க்குள் இருக்க வேண்டும். 'ஒரு நிமிடம்தானே' என்று வெறுங்காலோடு ஓட்டினால் அந்த ஒரு நிமிடத்தில் பம்பு கருகிவிடும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றினேன். இங்கே ஒரு சின்னப் புலம்பல். தேசிய இடைநிலைப்பள்ளியில் இதற்குப் பெயர் 'பாலாம் பெஞ்சுச்சூ', பிஸ்டனுக்கு 'ஓம்போ'. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியிலோ மோட்டார் என்ற பேச்சே வரவில்லை. அப்பாவுக்கு விளக்கும்போது மூன்று மொழியும் என் வாயில் முட்டி மோதின. பிளக்கின் நுனி காப்பித்தூள் கலந்த பால்போல் வெளிர்பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக நடக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது அந்தச் சிலிண்டரில் பொறியே வரவில்லை. எங்கள் பிளக்குகள் இரண்டும் ஒரே மாதிரி வெளுத்து, வறண்டு இருந்தன. வெளுத்த பிளக் பட்டினி கிடந்த பிளக். இரண்டும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று சோறு போட மறுக்கிறது என்று பொருள்.

அப்போதே ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனால் 2,800 வெள்ளிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அம்மா தூங்கமாட்டார். தெலுக் இந்தானில் மோட்டார் சைக்கிள் கடையில் வேலை செய்யும் பழைய வகுப்புத் தோழனிடம் உள்ளழுத்தம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கினேன். மோட்டாரைச் சற்றுச் சூடாக்கி நிறுத்தி, இரண்டு பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை உலோகத்தில் தொடும்படி கட்டி, எண்ணெய் முறுக்கை முழுதாகத் திறந்து வைத்து, கயிற்றை ஆறு முறை இழுக்க வேண்டும். முறுக்கைத் திறக்க மறந்தால் காற்று உள்ளே போகாது, நல்ல இயந்திரமும் செத்ததுபோல் காட்டும். மேல் சிலிண்டர் 118, கீழ்ச் சிலிண்டர் 115. எண் பெரிதாக இருப்பது மட்டும் போதாது, இரண்டும் நெருங்கி இருக்க வேண்டும். வளையம் தேய்ந்திருந்தால் ஒன்றாவது நன்றாக இறங்கியிருக்கும். அன்றிரவு சங்கிலிப் பேச்சு நின்றது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள், நண்பர்களே. தேய்ந்த வளையம் ஒரு நிமிடம் காத்திருந்து விட்டுத் தளராது, கிளம்பும்போதே சோம்பும். ஒரு நிமிடம் கழித்துத் தளர்கிறது என்றால், அந்த நேரத்தில் ஏதோ ஒன்று காலியாகிறது. கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. மெதுவாக ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் செலவாகும். முழு வேகத்தில் வரவைவிடச் செலவு அதிகமானால் கிண்ணம் வற்றும், மோட்டார் தளரும். வேகத்தைக் குறைத்தால் கிண்ணம் மறுபடி நிரம்பும், மோட்டார் தேறும். அப்பா சொன்ன கதை அப்படியே இதுதான்.

அப்படியானால் வரவு எங்கே தடைபடுகிறது? தொட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய், நடுவில் கையால் பிழியும் ரப்பர் குமிழ், மறுபடி குழாய், வடிகட்டி, எண்ணெய்ப் பம்பு, கார்புரேட்டர்: பெட்ரோல் போகும் வழி இது. அந்தப் பம்பில் மின்சாரம் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இயந்திரத்தின் அடியறையில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்த அசைவில் ஒரு மெல்லிய சவ்வு துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுக்கிறது. நான் இதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, "உறுமித் தோல் மாதிரி" என்றார் அப்பா. எங்கள் விரிவுரையாளர் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே மோட்டார் தன் மூச்சினால்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறது.

மறுநாள் காலை ஆற்றில் இறங்கினோம். அப்பா சுக்கானில், நான் குமிழருகில். நிறுத்து கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். முழு வேகம் வைத்தார். மோட்டார் தளரத் தொடங்கியதும் குமிழைத் தொட்டேன். சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. பிழிந்தேன். மோட்டார் சட்டென்று பாய்ந்தது. ஐந்தாறு விநாடியில் மறுபடி தளர்ந்தது.

பிழிந்தால் உயிர் வருகிறது என்றால் பொறியும் அழுத்தமும் நலம், குறை பெட்ரோல் வரவில்தான். இன்னும் துல்லியமான செய்தி அந்தக் குமிழின் நிலையில் இருந்தது. மோட்டார் பட்டினி கிடக்கும்போது குமிழ் கல்போல் இறுகியிருந்தால் அடைப்பு மோட்டார் பக்கம். எவ்வளவு பிழிந்தாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிட்டால் அடைப்பு தொட்டிப் பக்கம். கையில் பிடிக்கும் ஒரு ரப்பர் உருண்டை பாதி வழியைக் கழித்துக் கொடுத்துவிட்டது.

தொட்டிப் பக்கம் முதல் சந்தேகம் காற்றுத்துளையின் மேல். மூடியிலுள்ள திருகைத் திறக்க மறந்தாலோ, துளையைக் குளவி மண்ணால் அடைத்தாலோ, பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று வராது. அப்போது மூடியைத் தளர்த்தினால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். எங்களுக்குக் கேட்கவில்லை. தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழலின் வலையும் சுத்தமாக இருந்தது. பக்கத்துப் படகுப் பாக்சிக்கிடம் அவருடைய தொட்டியையும் குழாயையும் கேட்டு வாங்கி மாட்டினோம். கால் மணி நேரம் முழு வேகம், ஒரு தடங்கல் இல்லை. பிறகு எங்கள் தொட்டியில் அவருடைய குழாய். அப்போதும் தடங்கல் இல்லை.

மிச்சம் எங்கள் குழாய்தான். வெளியே பார்க்க வெடிப்பில்லை, கசிவில்லை, கருகருவென்று புதிதுபோல் இருந்தது. காற்றுப் பம்பை வைத்து அடித்தால் காற்று தாராளமாகப் போனது. கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். உள்தோல் ஊறி, வாழைப்பட்டைபோல் உரிந்து தொங்கியது. காற்றை அடித்தால் அந்தத் தோல் சுவரோடு ஒட்டி வழிவிடும், உறிஞ்சினாலோ ஒன்றோடொன்று ஒட்டி வழியை மூடும். மெதுவாக உறிஞ்சும்போது ஓரமாகக் கொஞ்சம் விடும். பலமாக உறிஞ்ச உறிஞ்ச இறுக மூடிக்கொள்ளும்.

குழாயின் மேல் எந்த எழுத்தும் இல்லை. பெட்ரோலுக்கென்று செய்த குழாயில் அப்படி அச்சிட்டிருப்பார்கள். இது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய குழாய் வெயிலில் வெடித்தபோது, 'ரப்பர் எல்லாம் ரப்பர்தானே' என்று இரும்புக் கடையில் மலிவாக வாங்கி வந்து மாட்டியவன், அப்போது முதலாமாண்டில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்த நான்தான்.

அதை அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். ஏனென்றால் இது வெறும் வேகக் குறைவு அன்று. நான்கு வீச்சு இயந்திரத்தில் மசகெண்ணெய் தனியாக இருக்கும். எங்களுடையதுபோன்ற இரு வீச்சு மோட்டாரில் அது பெட்ரோலோடு, ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தே உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். அதே நேரத்தில் கலவை மெலிந்து சூடும் ஏறும். மசகில்லாமல் சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு கடித்துக்கொண்டால், பட்டறைக்காரர் சொன்ன 2,800 வெள்ளி அன்றைக்கு உண்மையாகியிருக்கும். அதுவும் ஆற்றுமுகத்தில், நீர் வற்றும் நேரத்தில். அப்பா முறுக்கைக் குறைத்துக் குறைத்து ஓட்டியதுதான் மோட்டாரைக் காப்பாற்றியிருக்கிறது. 'தளர்ந்தாலும் பரவாயில்லை' என்று முழு முறுக்கில் வைத்து ஓட்டுகிறவர்கள் எங்கள் ஆற்றிலும் உண்டு. அவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

பெட்ரோல் குழாயும் குமிழும் இறுக்கு வளையங்களும் சேர்த்து 70 வெள்ளி. மாட்டி ஓட்டினோம். தளர்ச்சி போய்விட்டது, ஆனால் உச்ச வேகத்தில் இன்னும் ஓர் இழுவை இருந்தது. உரிந்த தோலின் துகள்கள் எங்காவது போயிருக்க வேண்டுமே. வடிகட்டியில் கறுப்புத் துகள்கள், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலும் அதே. பெரிய ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை வட்டமாக இல்லை, பிறையாகத் தெரிந்தது. ஜெட்டின் துளை மிகத் துல்லியமாக அளந்து போட்டது. கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு கலவை என்றைக்கும் சரிவராது. கழுவும் திரவத்தில் ஊறவைத்து, அப்பாவின் தூண்டில் நைலான் நரம்பைத் துண்டாக்கி நுழைத்து இழுத்தேன். துகள் வந்துவிட்டது. பம்பின் சவ்வையும் பிரித்துப் பார்த்தேன். விறைக்கவில்லை, ஓட்டையில்லை. பழையபடியே மூடினேன்.

மாலையில் நீர் வற்றும் நேரம் பார்த்து அப்பா படகை இறக்கினார். ஆற்றுமுகம்வரை போய்த் திரும்பி, இழுப்பை எதிர்த்து முழு முறுக்கில் படகுத்துறை வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் குமிழை விட்டுக் கையை எடுக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. கயிற்றைக் கட்டும்போது மட்டும், "அந்தக் குழாயில மிச்சம் ஒரு துண்டு கெடக்குமே, எங்கே?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் மிளகாய்ச் செடிகளுக்கு அதில்தான் தண்ணீர் போகிறது.