தாளம் எங்கே பிறக்கின்றது?

இரவின் அமைதியிலே சுவர்க் கடிகாரத்தின் ஒலியைச் சற்றுச் செவிமடுத்துப் பாருங்கள். ஒலிகள் ஏறத்தாழ ஒரே வன்மையின, இடைவெளியும் ஒன்றே. எனினும், நமது செவி அவற்றை ‘டிக்-டாக்’ என இரண்டிரண்டாகவே கேட்கின்றது. அவ்வாறு பகுத்தது கடிகாரமன்று, கேட்பவரின் மனமே.

கோயில் வீதியில் நிகழ்வதும் இதுவேயாம். நல்லூரிலோ இணுவிலிலோ தவில் சமா நடைபெறுகையில், சூழ்ந்திருப்போரை நோக்குங்கள். ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் நான்கு, இரண்டு, இரண்டாகத் தொடையிலே தட்டி வருவர். வித்துவானின் அடிகள் எண்ணிக்கையின்மேல் விழாது இடையிடையே விழினும் அவர்தம் கை தடுமாறுவதில்லை. கோர்வை முடிந்து எடுப்பிலே வந்து சேருங்கால் எல்லோர் தலையும் ஒருங்கே அசைகின்றது. அளவெட்டித் தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த கணக்குகள் இனித்தமை, கேட்டோரும் உள்ளத்தே தாளம் போட்டமையாலன்றோ?

இவ்வாற்றல் நமக்கு எப்பொழுது வாய்க்கின்றது? 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று வியப்பூட்டுவது. ஹங்கேரி நாட்டில், பிறந்து சில நாளேயான குழந்தைகள் உறங்குகையில் தாள ஒலியைக் கேட்பித்து, அவர்தம் மூளையின் மின்னலைகளை அளந்தனர். தாள வட்டத்தின் முதலடியை நீக்கியபோது, எதிர்பார்த்தது வாராமையை அச்சிறு மூளைகள் உணர்ந்தன!

ஆயினும், பேணாதவிடத்து இச்செல்வம் குறுகிவிடும். சமனற்ற அளவுடைய பால்கன் நாட்டுத் தாளங்களை வட அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கேட்பித்த ஆய்வின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. ஆறு மாதக் குழந்தைகள் அவற்றின் பிழையை எளிதில் உணர்ந்தன; பன்னிரண்டு மாதத்தினரோ, தம் நாட்டுத் தாளத்தின் பிழையை மட்டுமே உணர்ந்தனர். எனினும், வீட்டிலே சிறிது காலம் அவ்விசையைக் கேட்டதும் இழந்த நுட்பத்தை மீளப் பெற்றனர். வளர்ந்தோர்க்கு அது அத்துணை எளிதாகக் கைகூடவில்லை.

நமது மிசிரசாப்பும் (3+4) கண்டசாப்பும் (2+3) அத்தகைய சமனற்ற அளவுகளே. ஆதலின், தாய்மாரே, “விளங்காத பிள்ளைக்கு மேளம் எதற்கு?” என எண்ணற்க. விளங்குஞ் செவி அமையும் பருவம் அதுவே. தவிலின் பேரொலி தாக்காவண்ணம் சற்று எட்டவே அமர்ந்து, பிள்ளையை மடியில் இருத்தித் தாளத்திற்கேற்ப மெல்ல ஆட்டுங்கள். யாழ்ப்பாணத்தினின்றும் பெயர்ந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர், வீட்டிலே இசைப்பதிவுகளை ஒலிக்கச் செய்தேனும் இதனைச் செய்யலாம்.

தவிலை வாசிக்கச் சிலர் போதும். அதைக் கேட்கத் தெரிந்த செவிகள் வீடுதோறும் வேண்டும்.