பவர் கம்மி, விற்பனையில் கில்லி... நின்டெண்டோ ஸ்விட்ச் இன்னும் தாக்குப்பிடிக்குமா?

கேம் கன்சோல் என்றாலே யாருடையது வேகம், யாருடைய கிராபிக்ஸ் தத்ரூபம் என்பதுதான் போட்டி. அந்தப் போட்டிக்கே போகாமல் 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது ஜப்பானின் நின்டெண்டோ ஸ்விட்ச். 2017 மார்ச் 3-ல் வந்த இந்தக் கன்சோல், 2013-லேயே வந்துவிட்ட பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டையும்விட பவர் குறைந்தது. அப்புறம் எப்படி ஜெயித்தது? இனியும் ஜெயிக்குமா?

ஏன் பவர் கம்மி?

காரணம் பேட்டரி. பிளேஸ்டேஷன் 5 சுவரில் செருகி ஓடுவது, விளையாடும்போது சுமார் 200 வாட் மின்சாரம் இழுக்கும். கையில் பிடித்து ஆடும் ஸ்விட்ச் 10 வாட்டுக்குள் சமாளிக்க வேண்டும். சூடாகவும் கூடாது, சீக்கிரம் சார்ஜ் தீரவும் கூடாது. பதிலுக்குக் கிடைப்பது ஒரு வசதி: டிவியில் ஆடிக்கொண்டிருந்த கேமை, அப்படியே கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் தொடரலாம்.

நின்டெண்டோவுக்கு இது பழைய பழக்கம்தான். 1989-ல் வந்த கேம்பாயில் கலர்கூட கிடையாது. போட்டியாக வந்த சேகாவின் கேம் கியரில் கலர் திரை இருந்தது, ஆனால் ஆறு பேட்டரிகளை சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம்பாய் நான்கு பேட்டரியில் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக ஓடியது. ஜெயித்தது கேம்பாய்தான். விலை குறைந்த, பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவது அதை உருவாக்கிய குன்பேய் யோகோயின் கொள்கை.

அப்படியென்றால் பவரே வேண்டாமா?

இங்கேதான் சிக்கல். 2006-ல் வந்த வீ, கையை வீசி ஆடும் ரிமோட்டால் 10 கோடிக்கும் மேல் விற்றது. அதைவிடப் பலமடங்கு பவரான பிளேஸ்டேஷன் 3-ஐயே முந்தியது. ஆனால் 2012-ல் வந்த அதன் வாரிசு வீ யூ, 1 கோடியே 35 லட்சத்தோடு படுத்துவிட்டது. பெயரைப் பார்த்து, பழைய வீயுடன் இணைக்கும் ஏதோ ஒரு துணைக்கருவி என்றே பலர் நினைத்தார்கள். சும்மா பொழுதுபோக்காக ஆடியவர்களில் பலர் அதற்குள் ஸ்மார்ட்போனுக்குப் போயிருந்தார்கள்.

மரியோ இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2014-ல் வீ யூவில் வந்த மரியோ கார்ட் 8, அந்தக் கன்சோலைக் காப்பாற்றவில்லை. கிட்டத்தட்ட அதே கேம் 2017-ல் ஸ்விட்சுக்கு வந்து 6 கோடியைத் தாண்டி, அதில் அதிகம் விற்ற கேமாகிவிட்டது! கேம் அதேதான். எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்ற வடிவம்தான் வித்தியாசம்.

ஸ்விட்ச் 2 என்ன செய்யும்?

2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2, நான்கே நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடும், பெயரிலும் குழப்பமில்லை. வீ யூ பட்ட அடி நினைவிருக்கிறது போலும்.

இந்த முறை பவரையும் ஓரளவு கூட்டியிருக்கிறார்கள். கன்சோல் ரொம்பவும் பின்தங்கினால் மற்ற நிறுவனங்கள் தங்கள் பெரிய கேம்களை அதற்குக் கொண்டுவர மாட்டார்கள். பழைய ஸ்விட்சுக்கு வராத சைபர்பங்க் 2077, ஸ்விட்ச் 2-ல் முதல் நாளிலேயே வந்தது அதனால்தான். முதலிடம் தேவையில்லை, எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

கவலை விலையில்தான். அமெரிக்காவில் 300 டாலருக்கு அறிமுகமானது ஸ்விட்ச். ஸ்விட்ச் 2-வோ 2025-ல் 450 டாலருக்கு அறிமுகமானது. குழந்தைக்குப் பரிசாக வாங்கும் பெற்றோர் அந்த 150 டாலரை யோசிப்பார்கள். இன்னொரு பக்கம், கையில் பிடித்து ஆடும் வடிவமும் இப்போது நின்டெண்டோவுக்கு மட்டும் சொந்தமில்லை. 2022-ல் வால்வின் ஸ்டீம் டெக் வந்தது. 2025 அக்டோபரில் ஆசுஸுடன் சேர்ந்து எக்ஸ்பாக்ஸ் பெயரிலேயே ஒரு கையடக்கக் கருவி வந்துவிட்டது. ஆனால் அவை எதற்கும் புதிய மரியோ, செல்டா கேம்களை நின்டெண்டோ தருவதில்லை.