'இயற்கையின் மடியில்' என்று எழுதாதீர்கள்

மலைப்பகுதியில் இரண்டு நாள் தங்க வீடு கிடைக்குமா என்று கைபேசியில் தேடிப் பாருங்கள். ஒரே வீடுதான் திரும்பத் திரும்ப வரும். அது இயற்கையின் மடியில் இருக்கும். மனதுக்கு இதம் தரும். நகரத்துப் பரபரப்பிலிருந்து விடுதலை அளிக்கும். குடும்பத்தோடும் நண்பர்களோடும் கொண்டாட ஏற்றதாக இருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் ஏலகிரி என்றோ ஏற்காடு என்றோ கொல்லிமலை என்றோ மாற்றிக்கொண்டால் போதும், அப்படியே பொருந்திவிடும். எங்கே வைத்தாலும் பொருந்துகிற வாக்கியம் எந்த வீட்டைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

ஜவ்வாது மலையிலும் இப்போது வீட்டையோ வீட்டின் ஓர் அறையையோ பயணிகளுக்கு விடுகிறார்கள். பக்கத்து ஏலகிரி அளவுக்கு விடுதிகள் பெருகாத மலை இது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடந்தாலும் சென்னைவாசிகள் பலருக்கு இது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே இங்கே வீடு வைத்திருப்பவர் இணையத்தில் எழுதிப் போடும் அந்தச் சில பத்திகளுக்கு, அதாவது லிஸ்டிங்குக்கு, ஊட்டிக்காரருக்கு இல்லாத ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. வீட்டை மட்டுமல்ல, மலையையும் சேர்த்தே அறிமுகப்படுத்த வேண்டும்.

முதலில் இந்த எழுத்து எப்படிப் படிக்கப்படுகிறது என்று பார்த்துவிடலாம். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் தேடுபவருக்கு முதலில் தெரிவது ஒரு படம், ஒரு தலைப்பு, ஒரு வாடகைத் தொகை, நட்சத்திர மதிப்பெண். அவ்வளவுதான். கீழே எழுதிய விவரம் விரலால் தட்டிய பிறகே திறக்கும். தலைப்புக்கு ஏர்பிஎன்பி தரும் இடம் 50 குறிகள். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாம் ஓரெழுத்து என்று நினைக்கும் 'கை'யைப் பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டு குறிகளாகவே எண்ணும், இடைவெளியும் கணக்கில் சேரும். அப்படியும் 'சாமைக் காட்டோரம் இரண்டறை ஓட்டு வீடு' என்று எழுதினால் 35 குறிகளில் முடிந்துவிடுகிறது. சாமை விளையும் ஊர், நிலத்தை ஒட்டிய வீடு, இரண்டு அறை, ஓட்டுக் கூரை என நான்கு செய்திகள் அதில் அடங்கிவிட்டன. 'சொர்க்கம்' என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை, தேவையும் இல்லை.

அடுத்தது வசதிப் பட்டியல். கெய்சர், வெஸ்டர்ன் டாய்லெட், கார் நிறுத்த இடம், சமையலறை, இன்வெர்ட்டர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இருப்பதற்கு நேரே டிக் செய்ய வேண்டும். பலரும் இதை ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். உண்மையில் வருணனையை விட இதற்குத்தான் வலிமை அதிகம். கைக்குழந்தையோடு வருகிறவர் 'சமையலறை உள்ள வீடு' என்று வடிகட்டித் தேடினால், அடுப்பு இருந்தும் டிக் செய்யாத உங்கள் வீடு அவர் கண்ணில் படவே படாது. இல்லாததை டிக் செய்தால் அன்று இரவே தொலைபேசி அடிக்கும், மறுநாள் ஒற்றை நட்சத்திரம் விழும்.

இனி மலைக்கு வருவோம். இந்த மலையைப் பற்றி அடிக்கடி எழுதப்படும் பொய் 'குளுகுளு' என்பது. ஊட்டியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது வானிலையியலின் பொதுக்கணக்கு. அடிவாரத்து வேலூரை விடக் காவலூர் ஏறக்குறைய 500 மீட்டர்தான் உயரம். ஆகவே மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியில் வேகும்போது மேலே மூன்று, நான்கு டிகிரி குறைவாக இருக்கும். மரநிழலும் இரவுக் காற்றும் ஆறுதலைக் கூட்டலாம், ஆனால் ஸ்வெட்டருக்கு வேலை இருக்காது. 'கோடையில் பகலில் வெயில் உண்டு, இரவில் மின்விசிறி போதும், டிசம்பர், ஜனவரியில் கம்பளி கொண்டுவாருங்கள்' என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி மே மாதத்தில் சில புக்கிங்குகளைக் குறைக்கலாம். வந்து ஏமாந்து திட்டிவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கையையும் குறைக்கும்.

அப்படியானால் இந்த மலையில் எதைத்தான் பெருமையாகச் சொல்வது? என்னைக் கேட்டால் முதலில் இருட்டைச் சொல்வேன். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் காவலூரில் அமைந்ததற்கு இங்குள்ள இருண்ட வானம் ஒரு முக்கியக் காரணம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. 1988-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். உலகத்து வானியலாளர்கள் தேடி வந்த இருட்டு உங்கள் வீட்டு வாசலில் இலவசமாகக் கிடக்கிறது. லிஸ்டிங்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்குப் பதில் மாமரத்தைச் சுற்றிச் சீரியல் லைட் கட்டி, அதைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள்.

இதையே எழுதத் தெரிந்தவர் எப்படி எழுதுவார்? 'இரவு ஒன்பதுக்கு மேல் வெளிவிளக்குகளை அணைத்துவிடுவோம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் மொட்டை மாடியில் படுத்தால் பால்வீதி தெரியும். பௌர்ணமி வாரத்தில் தெரியாது. மழைக்காலத்தில் மேகம் மறைக்கலாம். மாடியில் பாய் போட்டுத் தருவோம்.' எப்போது தெரியும், எப்போது தெரியாது என்று இரண்டையும் சொன்னதால்தான் இந்தப் பேச்சில் நம்பிக்கை வருகிறது. வானாய்வகத்தைப் பொதுமக்கள் சனிக்கிழமைகளில் பார்க்க அனுமதிப்பது வழக்கம். ஆனால் அது உங்கள் கையில் இல்லாத விஷயம். 'கிளம்பும் முன் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சேர்த்தே எழுத வேண்டும். மேகம் வந்தால் யாருக்கும் நட்சத்திரம் இல்லை.

வசதிகளைச் சொல்வது போலவே தொல்லைகளையும் சொல்ல வேண்டும் என்பது ஏதோ அமெரிக்கக் கம்பெனி கண்டுபிடித்த உத்தி அல்ல. இந்த மலையின் அடிவாரத்திலேயே அதற்கு மிகப் பழைய முன்மாதிரி இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடுவது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு அதன் வழியாகத்தான் ஓடுகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்த 583 அடிப் பாட்டு அது. புலவர் பெருங்கௌசிகனார் நன்னனின் வள்ளன்மையை மட்டும் பாடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடத்தை விடிந்த பிறகு கடக்கச் சொல்கிறார். பாம்புப் புற்றுகளைப் பற்றி எச்சரிக்கிறார். தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லுக்கு மரத்தின் பின்னே ஒதுங்கச் சொல்கிறார். வழுக்குப் பாறையில் எதைப் பிடித்துக்கொள்வது என்று சொல்கிறார். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைக்கச் சொல்கிறார். கூடவே எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறார். இத்தனை இடர்களையும் கேட்ட பிறகும் போகத் தோன்றுகிறது என்பதுதான் அந்தப் பாட்டின் சாமர்த்தியம். சொல்கிறவன் போய்வந்தவன் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் காலத்துக் கவண்கல் எது? சிக்னல். மலையில் சில வளைவுகளுக்குப் பிறகு கைபேசி ஊமையாகிவிடும். அதனால் வழியை எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வரும் பாதை, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக வரும் பாதை, வேலூரிலிருந்து அமிர்தி வழியாக வரும் பாதை என மூன்றில் உங்கள் வீட்டுக்கு எது ஏற்றது, எந்தக் காருக்கு எது ஆகாது என்று நீங்கள்தான் சொல்ல முடியும். மேப் சொல்வது குறுக்குவழி, நீங்கள் சொல்ல வேண்டியது நல்ல வழி. இருட்டுவதற்குள் வந்துசேரும்படி செக்-இன் நேரத்தை வையுங்கள். பெட்ரோல், ரொக்கம், குழந்தைக்கான மருந்து ஆகியவற்றைக் கீழேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு முன்னால் கடைசி அரை கிலோமீட்டர் மண்பாதை என்றால் அதையும் மறைக்காதீர்கள். முடிந்தால் அந்த மண்பாதையையே ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

படம் என்றதும் ஏர்பிஎன்பியின் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2008-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஆரம்பத்தில் தள்ளாடியது. நியூயார்க் வீடுகளுக்கு ஏன் ஆள் வரவில்லை என்று பார்த்தபோது, படங்கள் எல்லாம் மங்கலாக இருந்தது தெரிந்தது. நிறுவனர்களே அங்கு போய், கேமராவை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் படம் பிடித்தார்கள். வருமானம் ஏறியது. கைபேசியில் நல்ல கேமரா வந்துவிட்ட இன்று சிக்கல் நேர்மாறாகிவிட்டது. அகலக் கோணத்தில் எடுத்தால் பத்தடி அறை கல்யாண மண்டபம் போலத் தெரிகிறது. அதைத் தவிருங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னல்களைத் திறந்துவைத்து, நிற்கும் உயரத்திலிருந்து எடுத்தால் போதும். குளியலறையைக் கட்டாயம் எடுங்கள். குளியலறைப் படம் இல்லாத வீட்டில் குளியலறை மோசம் என்றே பார்ப்பவர் முடிவு கட்டுவார், பெரும்பாலும் அவர் நினைப்பது சரியாகவே இருக்கும்.

எடுக்கக் கூடாத படமும் உண்டு. இந்த மலையின் மக்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். 'பழங்குடி மக்களை நேரில் காணலாம்' என்று எழுதி, களையெடுக்கும் ஓர் அம்மாவின் படத்தை அவருக்கே தெரியாமல் போடுவது அநாகரிகம். மலைவாழ் குடும்பம் ஒன்று சமைத்துப் போடுகிறது என்றால், அவர்கள் சம்மதத்தோடு, என்ன சமைப்பார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு விலை என்று எழுதுங்கள். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கிடைக்கும் என்பதே போதுமான அழைப்பு. மலைத்தேன், பலா, புளி வாங்க நினைப்பவருக்கு எங்கே, எந்த மாதத்தில் என்று ஒரு வரி போடலாம். இந்த மலையின் கீழ்சேப்பிளியில் உள்ள பழங்காலக் கற்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்: ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

'அருகில் ட்ரெக்கிங்' என்ற இரண்டு சொற்களையும் யோசித்துப் போடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் மலையேற்றம் செல்வதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு இணையப் பதிவைத் தொடங்கியது. அனுமதி இல்லாத காப்புக்காட்டுக்குள் உங்கள் கேர்டேக்கர் விருந்தினரை அழைத்துப் போனால் அது சட்ட மீறல். கரடி நடமாடும் மலை என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டைப் பதிவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை உள்ள வீட்டைப் பதியலாம். உரிமையாளர் குடும்பமும் அங்கேயே வசிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் கேட்போம் என்பதை முன்பே எழுதிவிட்டால் வாசலில் முகம் சுளிப்பு இருக்காது.

எல்லாம் எழுதி முடித்த பிறகு அதைத் திருத்தித் தரப்போகிறவர்கள் விருந்தினர்கள்தான். ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் ரிவ்யூக்கள், இருவரும் எழுதி முடிக்கும் வரை அல்லது 14 நாள் கழியும் வரை வெளியே தெரியாது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் பழிவாங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ரிவ்யூவில் புகழ்ச்சியைப் படித்து மகிழ்வதோடு நிறுத்தாதீர்கள். மூன்று பேர் 'வழி கண்டுபிடிக்கச் சிரமப்பட்டோம்' என்று எழுதினால் குறை அவர்களுடையது அல்ல, உங்கள் வழிக்குறிப்பினுடையது. யாராவது 'இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை' என்று எழுதினால், அந்த அமைதியை உங்கள் வருணனையில் நீங்கள் சொல்லவில்லை என்று பொருள்.

லிஸ்டிங்கை ஒருமுறை எழுதிப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடவும் கூடாது. இந்த மலையில் உள்ள பீமன் அருவி மழைக்குப் பிறகு நன்றாகக் கொட்டும், கோடையில் மெலிந்துவிடும். நவம்பரில் எடுத்த அருவிப் படத்தை நம்பி ஏப்ரலில் வருகிறவர் அருவியைத் திட்டமாட்டார், உங்களைத்தான் திட்டுவார். மார்ச் முடிந்ததும் அந்தப் படத்தைக் கீழே தள்ளிவிட்டு, காய்த்து நிற்கும் பலாமரத்தை முதலில் வையுங்கள்.