கச்சான் காற்றும் கண்காணாப் பொறியும்

ஆடி மாதத்து நண்பகல். நடுமலைகளில் மழையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு கிழக்கே வரும் கச்சான் காற்று, திருகோணமலை வீதிகளில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாவும் உதடும் வறண்டன. நிலாவெளியில், எனக்குத் தம்பி முறையான ஒருவரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். தலை வாரிக்கொண்டிருந்த அவருடைய மகள், "பெரியப்பா, இங்கை பாருங்கோ!" என்று கூவினாள். அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் சீப்பை நோக்கிப் பத்திரிகைத் துணுக்குகள் விட்டில்களைப் போலத் தாவி ஏறின.

அவ்வேளையில் அவளுடைய தந்தை முற்றத்திலே மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு பிளாஸ்டிக் கலனைக் கட்டிக்கொண்டிருந்தார். வள்ளத்து இயந்திரத்துக்குப் பெற்றோல் வாங்கப் புறப்படுகிறார். கலனை இருக்கையை விட்டு இறக்காமலே நிரப்பிக்கொண்டு வருவது அவர் வழக்கம். மகளின் சீப்பும் தம்முடைய கலனும் ஒரே கதையின் இரு ஏடுகள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் சொன்னபோது, "அண்ணை, இருபது வருஷமாய் இப்பிடித்தான் அடிக்கிறன். ஒண்டும் நடக்கேல்லை" என்று சிரித்தார்.

அம்பர் என்னும் பிசின் கல்லை உரசினால் அது துரும்புகளை ஈர்க்கும் என்று பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அக்கல்லுக்கு அவர்கள் வழங்கிய 'எலெக்ட்ரோன்' என்ற பெயரிலிருந்தே, மேனாட்டு மொழிகளில் மின்சாரத்தின் பெயர் பிறந்தது. இங்கிலாந்து மருத்துவரான வில்லியம் கில்பேட் என்பார் 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கண்ணாடி, கந்தகம் முதலிய வேறு பல பொருள்களுக்கும் இக்குணம் உண்டெனக் காட்டினார். இன்று நாம் அறிவது யாதெனில், இரு பொருள்கள் தொட்டு, உரசி, விலகும்போது இலத்திரன்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குக் குடிபெயர்கின்றன என்பதே. பெற்றது மறையேற்றமும் இழந்தது நேரேற்றமும் அடையும். அவ்வேற்றம் செப்பிலும் இரும்பிலும் வழிந்தோடிவிடும்; பிளாஸ்டிக், நைலோன், கண்ணாடி போன்ற காவலிகளில் ஓட வழியின்றித் தங்கிக் கிடக்கும். ஓடாமல் நிற்பதனால் அதற்கு நிலைமின் என்று பெயர்.

ரொறன்ரோவிலுள்ள நம்மவர்களைக் கேட்டுப்பாருங்கள். பனிக்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டால் 'சுரீர்' என்று விரலைச் சுடும் என்பார்கள். நமது கரையோரத்தில் அவ்வனுபவம் அரிது. ஈரக்காற்று எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் ஒன்றைப் போர்த்திவிடுகிறது; ஏற்றம் அதன் வழியே மெல்லக் கசிந்து நிலத்தைச் சேர்கிறது. கச்சான் வீசும் சில வாரங்களில் அந்தப் போர்வை மெலிகிறது. பொலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது 'சடசட' என்று ஓசை கேட்பதும் அக்காலத்திலேதான்.

இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? மனித உடலில் ஏறக்குறைய 2,000 வோல்ற்றுக்குக் குறைந்த ஏற்றம் இருந்தால், அது பொறியாகப் பாயும்போது பெரும்பாலோர் உணர்வதே இல்லை. அதனால் உடலுக்குத் தீங்கும் இல்லை. ஆனால் தக்க அளவிலே காற்றுடன் கலந்த பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க, ஒரு யூலின் நாலாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் போதும். விரலுக்கு அரும்பத் தெரியும் பொறியிலேயே அவ்வளவு ஆற்றல் உண்டு. நமக்கு உறைக்காதது ஆவிக்கு உறைத்துவிடும்!

இதை நன்கு அறிந்தவர்கள் நம் துறைமுகத்திலேயே இருக்கிறார்கள். சீனன்குடாவின் காட்டு மேட்டில், பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்வது. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானமொன்று ஒரு தாங்கியின்மேல் மோதியதையும், தீ ஏழு நாள் எரிந்ததையும் இங்கு இன்றும் பேசிக்கொள்வார்கள். அன்று அங்கே இருந்தது கப்பல்களுக்கான தடித்த எண்ணெய். 2003 முதல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் சில தாங்கிகளைப் பயன்படுத்தி, பெற்றோலையும் டீசலையும் பவுசர்களில் ஏற்றி அனுப்புகிறது. நிலைமின்னைப் பொறுத்தவரை, தடித்த எண்ணெயைவிடத் தெளிந்த எண்ணெயே பொல்லாதது. அது மின்னை எளிதிற் கடத்தாது. குழாயில் ஓடும்போது உரசலாற் பெற்ற ஏற்றத்தை விடாப்பிடியாக வைத்திருக்கும்.

ஆகையால் எண்ணெய் ஏற்றும் தலங்களில், குழாயைத் தொடுமுன் பவுசரின் உடலைச் செப்புக் கம்பியால் நிலத்தோடு இணைக்கிறார்கள். புவித்தொடுப்பு என்பது அதுவே. ஒரு காலத்தில் பவுசரின் பின்னால் தெருவைத் தொட்டுக்கொண்டு ஒரு சங்கிலி தொங்கும். சிறுவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்துக்கு மேல் எண்ணெயை ஓடவிடுவதில்லை. பெருந்தாங்கி நிரம்பிய பின்பும் அரைமணி நேரம் பொறுத்தே அளவுகோலை இறக்குவார்கள். எண்ணெயில் உள்ள ஏற்றம் வடிவதற்குத் தரும் அவகாசம் அது.

தண்ணீரும் இவ்வகையில் குற்றவாளியாகலாம் என்பதை 1969 டிசெம்பர் உலகுக்கு உணர்த்தியது. மூன்று வாரங்களுக்குள், ஆபிரிக்கக் கரைகளுக்கு அப்பால் மார்ப்பெஸ்ஸா, மாக்ட்ரா, கொங் ஹாக்கொன் 7 என்னும் மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மார்ப்பெஸ்ஸா மூழ்கியே போயிற்று. வெறுமையான தாங்கிகளைக் கடல்நீரைப் பீச்சிக் கழுவிக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்துகள் இவை. சிதறிய நீர்த்துளிகளின் மூடுபனியே மின்னேற்றம் கொண்டது என்று ஆராய்ச்சியாளர் பின்னர் கண்டனர். அதன் பயனாக, தாங்கியின் வெற்றிடத்தைப் பிராணவாயு குறைந்த புகைவாயுவால் நிரப்பி வைக்கும் முறை கப்பல்களில் பரவியது. பொறி தோன்றினாலும் பற்றுவதற்கு வழியில்லை. (கோதுமை மாத்தூளும் காற்றிற் பறந்தால் வெடிக்கவல்லது, மாவாலைகளின் குழாய்களுக்கும் புவித்தொடுப்பு வேண்டும்.)

இனி, தம்பியின் கலனுக்கு வருவோம். இரப்பர் இருக்கையின்மேல் அமர்ந்த பிளாஸ்டிக் கலனுக்கு நிலத்தோடு உறவே இல்லை. அதைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும். குழாயின் உலோக மூக்கு, கலனின் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். அவசரமின்றி நிரப்ப வேண்டும். நிரப்புமுன் எரிபொருளுக்கு எட்ட நின்று வெறும் இரும்பு எதையாவது ஒருமுறை தொடுதல் நன்று. வீட்டில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தூக்கி ஊற்றுவதோ கூடவே கூடாது. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது குசினி மூலையில் பெற்றோல் குடியிருந்த வீடுகளை நான் அறிவேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

மீனவக் குடும்பங்கள் பெரிதும் கவனியாத இன்னொன்றும் உண்டு. பெற்றோல் இருந்த கலனிலேயே மண்ணெண்ணெய் வாங்குவது. மூடிய கலனுள் பெற்றோல் ஆவி பெரும்பாலும் எரியமுடியாத அளவு செறிந்திருக்கும். அதனுள் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது ஆவியை உறிஞ்சும். எஞ்சிய கலவை எரியத்தக்க பக்குவத்தை அடையும். ஓடிவந்த எண்ணெய் ஏற்றத்தையும் உடன் கொண்டுவரும். மண்ணெண்ணெய் எளிதிற் பற்றாது என்ற நம்பிக்கை இங்கே மோசம் செய்துவிடும். இரண்டுக்கும் இரு கலன்கள் வைத்து, அடையாளத்துக்கு வெவ்வேறு நிறத் துணி கட்டினாற் போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி ஒன்றும் பேசாமற் புறப்பட்டார். பொழுது சாயும் வேளை திரும்பி வந்தவர், "இண்டைக்கு நிலத்திலை வைச்சுத்தான் அடிச்சனான். பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்" என்றார். அதற்குள் காற்று மாறிவிட்டது. கடலிலிருந்து ஈரம் வீசத் தொடங்கியிருந்தது. சிறுமி சீப்பும் கையுமாக விறாந்தையில் முயன்றுகொண்டிருந்தாள், துணுக்குகள் அசையவில்லை.