பந்து வரும் முன்பே முற்றுகை!

இரண்டரை நிமிடம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது!

1964-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள கன்சாஸ் நகரம். கல்லூரி மாணவர்களுக்கான கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் டியூக் பல்கலைக்கழகம். அந்த அணியில் 6 அடி 10 அங்குல உயரமுள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கூடையின் அருகே அவர்கள் கையை நீட்டி நின்றால், எதிரி பந்து போட வழி ஏது?

எதிர்ப்பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். இதைச் சுருக்கமாக 'யு.சி.எல்.ஏ.' என்பார்கள். அதன் முதல் ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. நம் கண்ணுக்கு அதுவே பனைமரம்தான். ஆனால் அந்த மைதானத்தில் அவர்கள் குள்ளர்கள்!

முதல் பாதியில் டியூக் 30, யு.சி.எல்.ஏ. 27 என்று இருந்தது. திடீரென்று டியூக் ஆட்டக்காரர்களுக்குக் கை கால் ஓடவில்லை. பந்தை யாருக்கு வீசினாலும் நடுவே ஒரு கை வந்து தட்டிப் பறித்தது. டியூக்கின் கணக்கு 30-லேயே நின்றது. குள்ளர்களின் கணக்கு மட்டும் ஏறியது. 27 என்பது 43 ஆயிற்று! தொடர்ந்து 16 பாயிண்டுகள். அதன்பின் டியூக்கால் எழுந்திருக்க முடியவில்லை. 98-83 என்ற கணக்கில் யு.சி.எல்.ஏ. ஜெயித்தது. அந்தப் பருவத்தில் அது ஆடிய ஆட்டங்கள் 30. முப்பதிலும் வெற்றி!

அது என்ன வித்தை?

கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 94 அடி. ஒரு அணி கூடை போட்டதும், எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே வீசும். வழக்கமாக, கூடை போட்ட அணி தன் பக்கத்துக்கு ஓடிப்போய் அங்கே காவல் நிற்கும். எதிரி பந்தைத் தட்டிக்கொண்டு ஆற அமர வந்து சேருவான்.

முற்றுகை போடும் அணி அப்படி ஓடாது. பந்து உள்ளே வரும் இடத்திலேயே மறித்து நிற்கும். மைதானம் முழுவதும் விரட்டும். இதற்கு 'புல் கோர்ட் பிரஸ்' என்று பெயர்.

சடுகுடுவில் பாடி வருகிறவனை மூலையில் மடக்குவது இல்லையா? அதுபோல, பந்து வைத்திருப்பவனை இரண்டு பேர் கோட்டோரமாக ஒதுக்கி மடக்குவார்கள். ஆட்ட விதியும் அவர்களுக்குத் துணை. 5 வினாடிக்குள் பந்தை உள்ளே வீசியாக வேண்டும். 10 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். தவறினால் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும்.

யு.சி.எல்.ஏ. முன்னால் இரண்டு பேரையும், நடுவில் இரண்டு பேரையும், கடைசியில் ஒருவரையும் நிறுத்தியது. அந்தக் கடைசி ஆள் கீத் எரிக்சன். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கைப்பந்து அணியிலும் ஆடியவர் இவர். துள்ளுவதற்குச் சொல்லித்தர வேண்டுமா? முன்னால் இருப்பவர்களுக்குத் தப்பி உயரே வரும் பந்துகளை அவர் பிடித்துக்கொள்வார்.

இந்த யோசனையை வற்புறுத்தியவர் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன். பயிற்சியாளர் ஜான் உட்டன் 1948-ல் அங்கே வேலைக்கு வந்தவர். 1964 வரை ஒரு தடவைகூட தேசியப் பட்டம் வாங்காதவர். அதன்பின் 1975-க்குள் 10 பட்டங்கள் வாங்கிவிட்டார்!

பந்தைப் பறிப்பது மட்டும் முற்றுகையின் நோக்கம் அல்ல. எதிரியை அவசரப்படுத்த வேண்டும். நெட்டையர்கள் நிதானமாக வந்து ஆடவே விரும்புவார்கள். அவர்களை ஓட ஓட விரட்டினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் புத்தி தடுமாறும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை மடக்கினால், மீதி மூன்று பேர் நான்கு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து தப்பிவிட்டால் பின்னால் வீடு திறந்து கிடக்கும்!

40 நிமிட நரகம்

கல்லூரி ஆட்டம் மொத்தம் 40 நிமிடம். அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சன் அந்த 40 நிமிடமும் எதிரியை விடாமல் விரட்டச் சொன்னார். '40 நிமிட நரகம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

1994 ஏப்ரல் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி மறுபடியும் டியூக்! ஜனாதிபதி கிளிண்டன் நேரில் வந்திருந்தார். அர்கன்சாஸ் அவருடைய சொந்த மாநிலம். அங்கே கவர்னராக இருந்தவர். பின்பாதியில் டியூக் 10 பாயிண்டு முன்னால் போயிற்று. விரட்டல் நிற்கவில்லை. கணக்கு 70-70 என்று சமமாயிற்று. இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்போது ஸ்காட்டி தர்மன் தூரத்தில் இருந்து பந்தை எறிந்தார். எதிரியின் நீட்டிய கைக்கு மேலே பறந்து கூடைக்குள் விழுந்தது. 3 பாயிண்டு! முடிவில் 76-72. பட்டம் அர்கன்சாசுக்கு.

மறு ஆண்டும் அதே அர்கன்சாஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இந்தத் தடவை எதிரி யார் தெரியுமா? முற்றுகையால் பேர் வாங்கிய அதே யு.சி.எல்.ஏ.!

யு.சி.எல்.ஏ.யின் நிலைமை பரிதாபமாக இருந்தது. பந்தைக் கொண்டுபோகும் சூரர் டைஸ் எட்னி. அவர் 5 அடி 10 அங்குலம்தான். அதே போட்டியில் மிசவுரி அணியோடு நடந்த ஆட்டத்தில், 4.8 வினாடியே பாக்கி இருந்தபோது மைதானம் முழுவதும் ஓடிக் கூடை போட்டு அணியைக் காப்பாற்றியவர். அவருக்கு அரை இறுதியில் மணிக்கட்டில் அடி பட்டுவிட்டது. இறுதி ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. முற்றுகை போடும் அணிக்கு இதைவிட நல்ல சேதி உண்டா?

எட்னிக்குப் பதிலாக கேமரான் டாலர் வந்தார். அவர் பதறவில்லை. இருவர் மடக்க வந்தால், வந்து சேரும் முன்பே பந்தைக் கைமாற்றினார். மூலைப் பக்கம் போகவே இல்லை. நடுவில் ஓர் ஆள் பந்துக்குக் காத்திருந்தார். அவரிடமிருந்து பந்து இன்னும் முன்னே பறந்தது. அர்கன்சாஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் கூடையில் பந்து! எட் ஓபானன் 30 பாயிண்டு எடுத்தார். டோபி பெய்லி என்ற முதலாண்டு மாணவர் 26 எடுத்தார். 89-78 என்று யு.சி.எல்.ஏ. ஜெயித்தது. உட்டன் போனபிறகு 20 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பட்டம் அது.

முதல் நாளே சொன்ன சவால்

இந்த நூற்றாண்டில் முற்றுகைக்குப் பேர் போனது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம். பாப் ஹக்கின்ஸ் அதன் பயிற்சியாளராக இருந்தார். 2015 மார்ச் மாதம் அது கென்டக்கியை எதிர்த்து ஆடவேண்டி வந்தது. கென்டக்கி 36 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. "நாளைக்கு 36 வெற்றி, 1 தோல்வி ஆகிவிடும்" என்று மேற்கு வர்ஜீனியா ஆட்டக்காரர் ஒருவர் முதல் நாளே சவால் விட்டார்.

பாவம்! இடைவேளையில் கென்டக்கி 44, மேற்கு வர்ஜீனியா 18. முடிவில் 78-39. சரியாக இரண்டு பங்கு! சவால் விட்டவர் ஒரு பாயிண்டுகூட எடுக்கவில்லை.

காரணம் எளிது. உயரமானவன் மேலே பார்த்துப் பந்தை வீசினால், மடக்கும் இருவர் என்ன செய்ய முடியும்? அதோடு, ஓடவிட்டுக் களைப்படையச் செய்யலாம் என்றால், கென்டக்கியில் ஒருவர் களைத்தால் அவரைப் போலவே கெட்டிக்காரர் இன்னொருவர் பெஞ்சில் காத்திருந்தார். அந்தக் கென்டக்கியைக் கடைசியில் தோற்கடித்தது விஸ்கான்சின். அது யாரையும் துரத்துகிற அணி அல்ல. கையில் வந்த பந்தை வீணாக்காமல் நிதானமாக ஆடுகிற அணி!

அப்படியானால் முதல்தர அணிகளிடம் முற்றுகை பலிக்கவே பலிக்காதா? அதுவும் இல்லை. 2017 ஜனவரி 10-ந் தேதி பெய்லர் பல்கலைக்கழகம் மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தது. அது தன் சரித்திரத்தில் முதல் தடவையாக நாட்டின் முதல் இடத்தைப் பிடித்திருந்த வாரம். அதுவரை தோல்வியே இல்லை. அன்று பெய்லர் 29 தடவை பந்தைக் கோட்டைவிட்டது! 89-68 என்று தோற்றுத் திரும்பியது.

ஆக, எதிரி எந்த இடத்தில் இருக்கிறான் என்பது கணக்கில்லை. அவனிடம் பதறாமல் பந்தைக் கொண்டுவர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே கணக்கு. 2018-ல் வில்லனோவா அணியிடம் ஜேலன் பிரன்சன் இருந்தார். பின்பாதியில் மேற்கு வர்ஜீனியா 6 பாயிண்டு முன்னால் இருந்தும், அவர் முகத்தில் சலனம் இல்லை. 27 பாயிண்டு எடுத்தார். வில்லனோவா 90-78 என்று ஜெயித்தது. அந்த ஆண்டின் பட்டத்தையும் அதுவே வாங்கியது.

மேற்கு வர்ஜீனியாவின் முற்றுகைக்கு முன்னால் நின்றவர் ஜெவான் கார்ட்டர். நான்கு ஆண்டுகள் எதிரிகளை நிழல் போல் துரத்தியவர். வில்லனோவாவிடம் தோற்ற ஆட்டமே அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். மறு பருவத்தில் அதே பயிற்சியாளர் இருந்தார். அதே மைதானம் இருந்தது. கார்ட்டர் இல்லை. அந்தப் பருவத்தில் அந்த அணி 15 ஆட்டங்களில் ஜெயித்து, 21 ஆட்டங்களில் தோற்றது.